சனிக்குப் புறப்பட்ட கப்பல்



வெள்ளவத்தைக்குப் பயணச்சீட்டு வாங்கியவர் கொட்டாஞ்சேனையில் இறங்கி நின்றால் நாம் நகைப்போம். ஆயின், 1956 முதல் 2008இல் மறையும்வரை இந்நாட்டையே இல்லமாகக் கொண்ட ஆர்தர் சி. கிளார்க், விண்கப்பல் ஒன்றையே அவ்வாறு இறக்கிவிட்டார்!

'2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் ஸ்டான்லி கியூப்ரிக்கின் திரைப்படமாகவும் கிளார்க்கின் நாவலாகவும் வெளிவந்தது. நாவலிலே கப்பல் சனிக்கோளை அடைகிறது. படத்திலோ வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்டுதல் அரிதாயிற்று. 1982இல் இரண்டாம் நூலை எழுதிய ஆசிரியரோ, தம் நாவலை விடுத்துப் படத்தின் வழியே சென்றார்! முதற்கதையில் மாண்ட பிராங்க் பூல், 1997இல் வந்த நான்காம் நூலில், ஆயிரம் ஆண்டு கழித்து மார்க்கண்டேயராய் எழுந்து அமர்கிறார்.

"எது சரி, ஐயா?" என வினவுவர் மாணவர். ஒரே விடைக்குப் பழகிய உள்ளங்கள் அல்லவா! அவர்க்கு நான் கம்பரைக் காட்டுவதுண்டு. வான்மீகியின் இராவணன் சீதையைக் கையாற் பற்றுகிறான். கம்பரின் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்க்கிறான். இரண்டையும் நாம் சுவைக்கவில்லையா?

மற்றொரு காரணமும் உண்டு. 1979இல் வொயேஜர் கலங்கள் வியாழனின் துணைக்கோள்களை அண்மையிற் படம்பிடித்தன. ஒளிப்புள்ளிகளாய்த் தெரிந்தவை உலகங்களாயின. புதிய உண்மைக்குப் பழைய கற்பனை வழிவிட்டது. தம் நூல்கள் ஒரே கருவின் வேறுபட்ட உருக்களே என்று கிளார்க்கும் கூறிவைத்தார்.

ஆதலின், முரண்பாட்டைச் சுட்டிக்காட்டும் பிள்ளையை அதட்டாதீர்கள். இரண்டு நூல்களையும் கருத்தூன்றிப் படித்த பிள்ளை அது. அடுத்த நூலையும் தேடிக் கொடுங்கள்.