லேடாங் மலையின் கல்வெளி



டுரியான் துங்காலில் எங்கள் தோட்டப் பள்ளித் திடலில் காலைக் கூட்டத்துக்கு நிற்கும்பொழுது, வானம் தெளிந்திருந்தால், கிழக்கே நீல நிறத்தில் ஒரு மலை தெரியும். அதுதான் லேடாங் மலை. நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் இருக்கும். ஆண்டில் சில மாதங்கள் கதிரவன் அம்மலையின் தோளிலிருந்தே எழுவதுபோல் தோன்றும். அதன் உயரம் 1,276 மீட்டர். சிகரம் ஜொகூர் மாநிலத்தைச் சேர்ந்தது. மேற்கு அடிவாரத்து அசகான் நம் மலாக்காவைச் சேர்ந்தது. ஐரோப்பியர் இதனை ஓபிர் மலை என்றனர்.

இம்மலையைப் பற்றி நாங்கள் பல ஆண்டுகளாக ஒரு தவறான பாடத்தைச் சொல்லி வந்தோம். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் காடெக்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. சற்றுத் தள்ளி இருக்கும் ஆயர் பானாஸ் என்ற ஊரின் பெயருக்கே வெந்நீர் என்றுதான் பொருள். நிலத்திலிருந்து வெந்நீர் வருகிறது, அருகே உயர்ந்த மலை நிற்கிறது. ஆகவே லேடாங் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்து அணைந்து போனது என்று மாணவர்களுக்குச் சொன்னோம். எங்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். உச்சியில் சிவப்புத் தீயும் புகையுமாக ஒரு படம் வரைந்து வகுப்பறைச் சுவரில் மாட்டியும் வைத்திருந்தோம். ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எரிமலை என்றால் உச்சியில் பள்ளம் இருக்குமே! இதில் இல்லையே?" என்றாள். பிறகு சொல்கிறோம் என்று உட்கார வைத்தோம். அந்தப் "பிறகு" வருவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்கள் மூவரும், அவள் உட்படப் பழைய மாணவர் ஒன்பது பேரும், பெற்றோர் இருவருமாக ஒரு வேனில் புறப்பட்டோம். பெற்றோர் இருவரும் பால் வெட்டுகிறவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஜாசின், தங்காக் வழியாகச் சாகில் சென்று, பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்து, வழிகாட்டியாக ஒரு மலாய் அன்பரை அழைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினோம். நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் வேர்களே படிகளாக அமைந்த பாதை. கட்டிக் கொண்டுபோன நாசி லெமாக்கை வழியிலேயே பசியாறி முடித்தோம். நாற்பது வயதைக் கடந்த எங்கள் முழங்கால்கள் பட்ட பாட்டை இங்கே விரித்துரைக்கவில்லை.

மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. பின் திடீரென்று வெளிச்சம். எதிரே மலைச் சரிவு முழுவதும் ஒரே கல். இதற்குப் பாடாங் பத்து, அதாவது கல்வெளி என்று பெயர். பத்துமலை என்ற பெயரில் வரும் பத்தும் எண் அன்று. கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே. ஆனால் பத்துமலை சுண்ணாம்புக் கல். இது கருங்கல்.

நாங்கள் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோயிருந்தோம். அந்த மாணவியிடமே கொடுத்துப் பாறையைப் பார்க்கச் சொன்னோம். கல் முழுவதும் மணிமணியாக இருக்கிறது என்றாள். கண்ணாடித் துண்டுபோல் மங்கலாகத் தெரிவது குவார்ட்ஸ். பால்வெள்ளையாகத் தட்டையாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுத்து, வெயிலில் மின்னுவது காக்காப்பொன்.

இந்த மணிகள்தாம் சாட்சி. கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சர்க்கரைப் பாகை மெதுவாக ஆறவிட்டால் பெரிய பெரிய மணிகளாகக் கட்டும். அதே பாகைச் சட்டென்று குளிர வைத்தால் மணியே இல்லாத மிட்டாய் ஆகிவிடும். எரிமலை வாயிலிருந்து வழியும் பாறைக் குழம்பு வெளிக்காற்றில் விரைவாக ஆறுவதால், அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். லேடாங் மலையின் குழம்போ வெளியே வரவே இல்லை. நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே பாறைப் போர்வை மூடியிருக்க, மிக மிக மெதுவாக ஆறியது. பின்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் ஓடைகளும் அந்தப் போர்வையை அரித்து எடுத்தன. உள்ளே இருந்த கருங்கல் வெளிப்பட்டது. மேலிருந்த பாரம் நீங்கவே, கல் விரிந்து வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகப் பிளக்கும். அப்படிப் பிளந்த ஏடுகளையும் விரிசல்களையும் இன்றும் அங்கே காணலாம்.

அப்படியானால் வெந்நீர்? மழைநீர் பாறை விரிசல்கள் வழியே வெகு ஆழம் இறங்குகிறது. ஆழம் செல்லச் செல்லப் பூமியின் சூடு கூடும். சூடேறிய நீர் வேறொரு விரிசல் வழியே மேலே வருகிறது. அதற்கு எரிமலை வேண்டியதில்லை.

"அப்போது எங்களுக்குச் சொன்னது தப்பா, ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். தப்புத்தான் என்றோம். அந்த மாணவி ஒன்றும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை மட்டும் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாள்.

விரிசல்களில் குடுவைச் செடிகள் தொங்கின. மலாய்க்காரர் இதனைக் குரங்குப் பானை என்பர். கல்லின் மேல் சத்தான மண் இல்லாததால், குடுவையில் விழும் பூச்சிகளிடமிருந்து இச்செடி சத்தைப் பெறுகிறது. 1854ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கில இயற்கை அறிஞர், நம் ஆயர் பானாஸ் பக்கம் தங்கியிருந்து, சுமையெடுக்க ஆறு மலாய்க்காரர்களுடன் இம்மலைக்கு வந்தார். இதே கல்வெளியை அளந்து, சுமார் 2,800 அடி உயரம் என்று குறித்தார். இங்கே தண்ணீர் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்தவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. கடைசியில் இந்தக் குடுவைகளில் பூச்சிகள் மிதந்த நீரையே எல்லாரும் குடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டனர். குடிக்க நன்றாகவே இருந்தது, சற்று வெதுவெதுப்பு என்று அவர் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டதும் எங்கள் பையன்கள் குடுவையைத் தேடிக் கிளம்பினார்கள்! வழிகாட்டி தடுத்துவிட்டார்.

லேடாங் இளவரசி மலாக்கா சுல்தானிடம் கேட்ட பொன் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு இதயங்கள் பற்றிய கதை உங்களுக்குத் தெரிந்ததே. அந்தக் கதையைக் கல்லின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே வழிகாட்டி வானத்தைப் பார்த்து, "மழை வருகிறது, இறங்குவோம்" என்றார். மணி பன்னிரண்டரை. உச்சிக்கு இன்னும் வெகுநேரம் ஏற வேண்டும். பிள்ளைகள் கெஞ்சினார்கள். எங்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நனைந்த கருங்கல் சரிவில் கால் நிற்காது. சபாவின் கினபாலு மலையும் கருங்கல்தான். 2015 ஜூன் 5ஆம் தேதி அங்கே நிலநடுக்கத்தால் பாறைகள் சரிந்து 18 பேர் மாண்டனர். சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களில் இருந்தனர். அது யாரும் முன்கூட்டி அறிய முடியாத விபத்து. இங்கோ மேகம் கண்ணெதிரே நிற்கிறது. கூலியை விட்டுவிட்டு நம்பி வந்த தாய் தந்தையர் பக்கத்தில் இருக்கிறார்கள். இறங்கிவிட்டோம். பாதி வழியில் கொட்டிய மழையில் பாதை முழுவதும் ஓடையாயிற்று. உச்சியை நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்தச் சுவர்ப் படத்தைக் கழற்றினோம். பூங்காவிலிருந்து கல் எடுத்துவர அனுமதியில்லை. ஆகவே புதிய பாடத்துக்குக் காட்ட என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சாயங்காலம் அந்த மாணவி பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வீட்டு அம்மியைக் கழுவித் துடைத்து அதன் வழியே பார்த்தாளாம். அதிலும் அதே மூன்று மணிகளாம்! மசாலை அரைக்கிற கல்லில் இப்படி என்னத்தைத் தேடுகிறாய் என்று பாட்டி திட்டினார்களாம். மறுநாள் காலை அந்த அம்மியைப் பாட்டியே சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார், மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற கண்டிப்போடு.