கருமாதிப் பத்திரிகையைக் கிழிக்கும் முன்…

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்யாணப் பத்திரிகை வந்தால் பத்திரமா எடுத்து வைக்கிறோம். கருமாதிப் பத்திரிகை வந்தால்? படிச்சதும் கிழிச்சுப் போடணும், வீட்டுக்குள்ளே வைக்கக் கூடாது என்பது பல ஊர்களில் பழக்கம். அந்தக் காலத்தில் ஓரத்தில் கறுப்பு மை தடவிய தபால் கார்டு வரும். வாசலிலேயே நின்று படித்து, கிழித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த நம்பிக்கையில் நான் கை வைக்கப் போவதில்லை. கிழிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கோங்க, அவ்வளவுதான் கேட்கிறேன். ஏன்னா, சாதாரணக் குடும்பங்களின் பெயர்கள் அச்சில் ஏறுவது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: ஒன்று கல்யாணம், இன்னொன்று சாவு. இரண்டில் சாவுப் பத்திரிகைதான் கூடுதலா விவரம் சொல்லும். கல்யாணப் பத்திரிகையில் டாக்டர், இன்ஜினியர் என்று பட்டம் முன்னால் நிற்கும். சாவுப் பத்திரிகையில் உறவு முன்னால் நிற்கும்.

ஒரு பழைய கார்டை எப்படிப் படிப்பது? முதலில் இறந்தவர் பெயர். அதில் 'என்கிற' என்ற சொல் இருக்கிறதா பாருங்க. ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் ஒன்று, பத்திரத்தில் எழுதிய பெயர் இன்னொன்று என்று மூன்று பெயரோடு வாழ்ந்த தாத்தாக்கள் நம்மிடம் ஏராளம். நிலப் பதிவேட்டில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வந்து நிற்கும்போது, 'இரண்டும் ஒருவரே' என்பதற்கு முதல் துப்பு இந்த 'என்கிற'தான்.

அடுத்து, எப்படி இறந்தார் என்பதற்குப் போட்டிருக்கும் சொல். சிவலோகப் பதவி, வைகுண்டப் பதவி, கர்த்தருக்குள் நித்திரை, வஃபாத் என்று அதிலேயே குடும்பத்தின் சமயமும் மரபும் தெரிந்துவிடும். 'இயற்கை எய்தினார்' என்று போட்டு, காரியத்துக்குப் பதில் 'படத்திறப்பு' என்று அழைத்திருந்தால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் சுயமரியாதை இயக்கத்தில் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பேரனுக்கே தெரியாத அரசியல் அந்த ஒரு வரியில் இருக்கும். செட்டிநாட்டுப் பக்கம் நகரத்தார் குடும்பங்களில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று குறித்திருந்தால், வேறெதுவும் தெரியாவிட்டாலும் பங்காளிகள் யார் என்று பிடித்துவிடலாம்.

பிறகு ஊர்ப் பெயர்கள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மகன்கள் இருக்கும் ஊர், மகள்களைக் கட்டிக்கொடுத்த ஊர், சம்பந்தி ஊர் எல்லாம் வரிசையா இருக்கும். ஒரு தாளில் குடும்பம் எந்தப் பாதையில் நகர்ந்தது என்று வரைபடம் போலத் தெரியும். சில பழைய கார்டுகளில் ரங்கூன், பினாங்கு, ஹட்டன் என்று கடல் தாண்டிய பெயர்களும் வரும். 1964-ம் ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து, நீலகிரியில் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு, சொந்த ஊர் எது என்று கேட்டால் கோத்தகிரி, கூடலூர் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஊர் ஒரு பாட்டியின் சாவுக் கார்டில் மட்டும் இருக்கலாம்.

ஊர்ப் பெயரோடு இருக்கும் ஜில்லாவை அப்படியே நம்பிவிடக் கூடாது. கார்டில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருந்தால் அந்த ஊர் இன்றைக்குச் சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம், 1985-ல் பிரித்தார்கள். 'வட ஆற்காடு' 1989-ல் பிரிந்தது, 2019-ல் அதிலிருந்து வந்த வேலூரே ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி பிரிந்தது. கன்னியாகுமரி மாவட்டக்காரர்களுக்கு 1956 நவம்பர் 1-க்கு முந்தைய தாள்கள் எல்லாம் திருவிதாங்கூர்க் கணக்கு. அதில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். அதோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 'இரத்தாட்சி வருஷம் ஆடி மாதம்' என்றால் அது 1924-ஆகவும் இருக்கலாம், 1984-ஆகவும் இருக்கலாம். 60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். எது என்று முடிவு செய்ய, அப்போது பிள்ளைகளுக்கு என்ன வயசு என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் போதும். திதி கொடுக்கும் வீடாக இருந்தால் மாதமும் திதியும் அம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

இந்தக் கார்டுகளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பெண்கள். மருமகன் பெயர் இருக்கும், மகள் பெயர் இருக்காது. இறந்ததே ஒரு பெண் என்றால்கூட 'இன்னாரின் தர்மபத்தினி' என்று ஆரம்பிக்கும். அவர் பிறந்த வீடு எங்கே என்று தேடத்தான் வேண்டும். அதற்கு அச்சில் வழி இல்லாவிட்டால் ஒப்பாரியில் வழி உண்டு. நம்ம கிராமத்து ஒப்பாரியில் பிறந்த ஊர், அண்ணன் தம்பி, சீர் வந்த பாதை எல்லாம் வரும். ஒப்பாரி சொல்லத் தெரிஞ்ச பெரியம்மா, சித்தி யாராவது இருந்தால், அவர்கள் சம்மதித்தால், போனில் பதிவு செய்துகொள்ளுங்க. துக்க வீட்டில் போய் மைக்கை நீட்ட வேண்டாம். வேறொரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்க, அவங்களே சொல்வாங்க.

செத்தவர் பெயரை, ஊரை, காரணத்தை எழுதி வைக்கும் பழக்கம் அச்சு வந்தபிறகு ஏற்பட்டது என்று நினைக்காதீங்க. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில், மாட்டு மந்தைச் சண்டையில் இறந்தவனின் பெயர் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாயிரம் வருஷப் பழமை. செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று நாய்க்கும் சேர்த்து இரங்கல் எழுதியிருக்கிறார்கள்! திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் கிரிவலத்தோடு திரும்பிவிடாமல் ஒரு அரை நாள் செங்கம் பக்கம் போய்ட்டு வாங்க. பிள்ளைகளுக்கு அந்த நாயை ரொம்பப் பிடிக்கும்.

இப்போ, இதெல்லாம் சுவாரசியத்துக்கு மட்டும்தானா? இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா பெயரில் இரண்டு ஏக்கர் புஞ்சை. அவர் உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அப்பா, சித்தப்பா என இரண்டு பேர் மட்டும் வாரிசு என்று நினைத்துப் பேரன்கள் பட்டா மாறுதலுக்குத் தயாராகிவிட்டார்கள். டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் 1991-ம் வருஷக் காரியப் பத்திரிகை கிடைத்தது. அதில் மகன்கள் பெயருக்குக் கீழே 'காலஞ்சென்ற' என்ற அடைமொழியோடு ஒரு மகள், பேத்திகள் இரண்டு பேர், ஊர் கோயம்புத்தூர். மில் வேலைக்குப் போன குடும்பம். அத்தை தாத்தாவுக்கு முன்பே இறந்துபோனதால் போக்குவரத்தே நின்றுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தந்தையின் சொத்தில், அவருக்கு முன்பே இறந்த மகளின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கார்டு கிடைக்காமல் போயிருந்தால் இரண்டு பெண்களின் உரிமை ஓசையில்லாமல் போயிருக்கும். நிலத்தை விற்றபிறகு தெரிந்திருந்தால் கோர்ட்டு வாசலில் போய் நின்றிருக்கும். பேரன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிக் கோவைக்குப் போனார்கள். முதல் ஒரு மணி நேரம் அந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லையாம். பிறகு அத்தை போட்டோவை எடுத்துக் காட்டினார்கள். பங்கு பிரிந்தது. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்கு இப்போ எல்லோரும் ஒரே வேனில் வருகிறார்கள்.

ஆனால் ஒன்று, கார்டு ஒரு துப்புதான், ஆதாரம் இல்லை. அதைக் காட்டினால் தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் கொடுத்துவிட மாட்டார். கார்டிலிருந்து பதிவேட்டுக்குப் போகணும். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகியிருக்கும், சொந்த ஊரில் அல்ல. கிராமத்துக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் மதுரை மாநகராட்சியில் தேடணும். இதைத் தெரியாமல் சொந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. 'எந்த ஊரில் இறந்தார்' என்பதைக் கார்டில் முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். பல ஆண்டுப் பதிவுகளை இப்போது இணையத்திலேயே தேடி இறப்புச் சான்றிதழ் இறக்கிக்கொள்ளலாம். பழையவை இன்னும் தாளில்தான் இருக்கின்றன. இறப்பே பதிவாகவில்லை என்றால் தாமதப் பதிவுக்கு வழி இருக்கிறது. பிறப்பு - இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தத்தின்படி, ஒரு வருஷம் தாண்டிய பதிவுக்கு மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்ட அளவிலான அதிகாரி போன்றவரின் ஆணை தேவை. கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

நிலத்துக்கு வருவோம். எங்கிருந்தும் எந்நேரமும் இணையச் சேவையில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் பார்க்கலாம். சர்வே நம்பர் தெரிந்தால் போதும். அதில் உங்கள் தாத்தா பெயர் விநோதமாக இருந்தால் பதற வேண்டாம். 1979-லிருந்து 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில், ஜனங்க வாயில் 'யூடிஆர்', பெயர்ப் பிழைகள் நிறைய விழுந்தன. திருத்த மனு கொடுக்கலாம். அதற்கும் முந்தைய காலத்துக்குப் போக ஆசை இருந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள், இனாம் பதிவேடுகள் எல்லாம் அங்கே. கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் பார்க்கலாம். '25-ம் ஆண்டு நினைவஞ்சலி' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் இறந்த தேதி கையில் வந்த மாதிரி.

ஊருக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஊர்களில் "நீங்க எந்தத் தெரு?" என்று முதலில் கேட்பார்கள். அது முகவரிக் கேள்வி இல்லை, சாதிக் கேள்வி. உங்களுக்குப் பதில் சொல்லப் பிடிக்கலைன்னா இறந்தவர் பெயரைச் சொல்லி அவரைத் தெரிந்தவர் யார் என்று கேளுங்க. டீக்கடையைவிட ரேஷன் கடை வரிசையில் நல்ல பதில் கிடைக்கும். கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைக் கேட்கலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று போனால் உறவுகள் எல்லாரும் அங்கேயே இருப்பார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் என்றால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்.

சிலருக்குப் போக ஊரே இருக்காது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது முழுகிய கிராமத்துக்காரர்கள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்தவர்கள். தண்ணீர் நன்றாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் மேலே தெரியும். நாம் போட்டோ எடுக்கப் போகிறோம். அப்போது கரையில் ஒரு பெரியவர் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் எந்த ஊர் ஐயா என்று கேட்டுப் பாருங்க.

எடுத்த படங்களை 'ஐஎம்ஜி' நம்பரோடு விட்டுடாதீங்க. இறந்தவர் பெயர், வருஷம், யார் வீட்டில் கிடைத்தது என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்க. கார்டின் பின்பக்கத்தையும் எடுங்க, மொய்க் கணக்கு அங்கேதான் இருக்கும். ஆதார், இறப்புச் சான்றிதழ், பட்டா நகல்களைப் பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அதை வைத்து ஆள்மாறாட்டம் செய்யக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கார்டு கொண்டு வந்தவங்க எடுங்க. அந்த மஞ்சள் பையில் இருப்பதை முதலில் பார்க்கலாம், அதில்தான் தமிழ் வருஷம் போட்டிருக்காங்கன்னு சொன்னாங்க.