மஞ்சளும் மங்கலமும்
(திருக்குடமுழுக்கு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



யாகசாலைப் புகை நம் ஆடையில் மணக்கும் இந்நன்னாளில், சித்தாந்தப் பொருள் ஒன்றை யான் விரித்துரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். யானோ மஞ்சளைப் பற்றிச் சொல்ல வந்துள்ளேன். அடுக்களைச் சரக்குக்கு ஆலயத்தில் என்ன பேச்சு என்று எண்ணற்க. எச்சடங்கிலும் முதற்கண் எழுந்தருளும் பிள்ளையார் மஞ்சளால் பிடித்தவரே. காப்பு நூல் மஞ்சளில் தோய்ந்தது. நம் காஞ்சி நகரில் நெய்த பட்டேயாயினும், முனையில் மஞ்சள் தடவிய பின்னரே மணமகள் கைக்குச் செல்லும்.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி. திருமஞ்சனம் என்பது மஞ்சளால் வந்த பெயர் என்பார் உளர். அஃது அன்று, நீராடுதலைக் குறிக்கும் மஜ்ஜனம் என்னும் வடசொல்லே மஞ்சனம் எனத் திரிந்தது. எனினும், அபிடேகப் பொருள்களுள் மஞ்சட்பொடியும் ஒன்றாதலின், பெயரால் இல்லாத உறவு செயலால் உளது.

நம் முன்னோர் மங்கலம் என வைத்த இடத்தில் மருந்தையும் வைத்தனர். மஞ்சளின் நிறத்திற்கும் குணத்திற்கும் காரணமாய் நிற்பது குர்குமின் என்னும் சத்து. அது நீரில் எளிதிற் கரையாது, கொழுப்பில் கரையும். உண்டாலும் உடலில் மிகச் சிறிதே சேரும். பெங்களூரில் உள்ள புனித ஜான் மருத்துவக் கல்லூரியார் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, அது உடலிற் சேரும் அளவு ஏறத்தாழ 20 மடங்கு கூடிற்று. சளி பிடித்த குழந்தைக்கு நம் பாட்டிமார் பாலில் மஞ்சளும் மிளகும் கூட்டிக் கொடுத்ததை எண்ணிப் பாருங்கள். கொழுப்பும் மிளகும் அங்கே இருந்தன. ஆய்வுக்கூடம் ஒன்றே இல்லை.

புண்ணாற்றும் குணமும் அத்தகையதே. ஐக்கிய அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தார்க்கு, மஞ்சள் கொண்டு புண்ணாற்றும் முறைக்கு 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் 1996இல் அதனை எதிர்த்தது. இது புதுக்கண்டுபிடிப்பு அன்று என்பதற்குப் பழைய வடமொழி நூற்சான்றும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் காட்டியது. 1997இல் அவ்வுரிமை தள்ளப்பட்டது. நம் அடுக்களை அறிவு அயலார் நீதியிலும் வென்றது.

ஆயினும் பெருமை பேசி மயங்குதல் கூடாது. ஆழ்ந்த வெட்டுக்காயத்தில் பொடியைத் திணிப்பதும், பிறந்த குழவியின் கொப்பூழில் அப்புவதும் தீங்காம். மாசுபட்ட பொடி வழியே நோய்க்கிருமி புகும். உணவில் சேரும் மஞ்சளால் அச்சம் இல்லை. செறிவூட்டிய மாத்திரைகளை மிகுதியாக உண்டோர் சிலர்க்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. பித்தப்பையிற் கல் உடையாரும், குருதி உறையாமைக்கு மருந்து உண்பாரும் மருத்துவரைக் கேட்டே அவற்றைக் கொள்ளுக.

மேனிக்கு வருவோம். கறிக்கு விரலி மஞ்சள். கல்லில் இழைத்துப் பூசிக் குளிக்க முட்டா மஞ்சள். முகத்திற்கு மணமுடைய கத்தூரி மஞ்சள் என நம் மகளிர் வகுத்து வைத்தனர். வேப்பிலையோடு அரைத்துச் சொறிசிரங்குக்கு இடுவதும் நெடுநாள் வழக்கம்.

மஞ்சளின் மற்றொரு வடிவம் குங்குமம். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீர் சுண்ணாம்பால் சிவப்பது இதனாலேயே. மஞ்சட்கிழங்கை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காரத்திலும் படிகாரத்திலும் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, சிறிது நெய் கூட்டினால் அதுவே குங்குமம்.

இனி யான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் கடையொன்றில் மலிவென்று குங்குமம் வாங்கி என் இல்லாளிடம் கொடுத்தேன். கொழுந்துவிட்ட தீப்போல் சிவந்திருந்தது. சின்னாளில் அவள் நெற்றி அரித்தது, பின் கறுத்தது. செயற்கைச் சாயத்தால் வந்த ஒவ்வாமை என்றார் மருத்துவர். "திருநீறு ஒன்றே போதும், எனக்குக் குறையில்லை" என்றாள் அவள். ஆயினும், கறுத்த நெற்றியோடு கோயிலுக்கு வர நாணிப் பல திங்கள் வீட்டிலேயே இருந்தாள். மடத்தில் பயின்று, நூல் பல கற்று, பிறர்க்கு உபதேசம் செய்த யான், ஒரு சிமிழ்க் குங்குமத்தின் மெய்ம்மையை ஆராயாமற் போனேன். பின்னர் அவள் தன் தாய் செய்த முறையில் தானே குங்குமம் செய்தாள். அதன் நிறம் சற்று மங்கல். அவள் முகம் மங்கவில்லை.

இதனினும் கொடியது ஈயம். மஞ்சட்கிழங்கு பளபளக்க ஈயக் குரோமேட்டு என்னும் நஞ்சை ஏற்றுவார் உளர். அது குழந்தைகளின் மூளையைத் தாக்கும். வங்கதேசத்தில் 2019இல் கடைத்தெரு மஞ்சள் மாதிரிகளுள் நூற்றுக்கு 47இல் ஈயம் இருந்தது. அரசும் ஆய்வாளரும் முனைந்து தடுத்தபின், 2021இல் அது ஒன்றிலும் இல்லையாயிற்று. ஆகவே இத்தீமை ஒழிக்கத்தக்கதே.

தேர்ந்தறிய எளிய வழியும் உண்டு. கண்ணாடிக் குவளை நீரில் முழு விரலியை இடுக. உடனே நிறம் கழன்று நீர் பளிச்சென மஞ்சளாயின் ஐயுறுக. பொடியாயின் ஒரு கரண்டி இடுக. நற்பொடி அடியில் தங்க, நீர் இளமஞ்சளாய் நிற்கும். கடுமஞ்சளாயின் சாயம் கலந்தது எனக் கொள்க. பட்டில் சாயத்தின் தரம் அறிந்த இந்நகரத்தார்க்கு, பளபளப்பு தூய்மைக்குச் சான்றன்று என்பதை யான் கூறவும் வேண்டுமோ?

ஏகம்பத்துப் பெருமான் மண்ணுருவாய் எழுந்தருளியிருத்தலின், அத்திருமேனிக்கு நீராட்டு இல்லை என்பதை அறிவீர்கள். திருமேனிக்கு எது ஏற்கும், எது ஏலாது என ஆராய்ந்து செய்தலே கச்சியின் மரபு. ஆதலின் உபயதாரர்களாகிய உங்களை யான் வேண்டுவது ஒன்றே. இத்திருக்கோயிலுக்கு மஞ்சளைப் பொடியாக அளியாதீர், முழுக்கிழங்காக அளியுங்கள். இங்கேயே இடிக்கவும், முதிய தாய்மார் மேற்பார்வையில் குங்குமம் செய்யவும் ஓர் உரலும் ஓர் அறையும் உதவுங்கள். இறைவன் திருமேனியில் சாத்தியது மறுகணம் ஒரு தாயின் நெற்றிக்கும் ஒரு குழவியின் கைக்கும் வருகின்றது. அவன் பொறுத்தருள்வான், அவ்விளமேனி பொறாது.

கோபுரக் கலசம் பொன்னாய் ஒளிர்வது போல், நாம் தரும் பிரசாதமும் மெய்யாய் ஒளிர்க.

திருச்சிற்றம்பலம்.