குழாயோடு அகத்துக்கு வந்தால்

(திருவனந்தபுரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. என் அகத்துக்காரருக்கு நுரையீரலைச் சுற்றி அடிக்கடி நீர் கோத்துக்கொண்டதால், மார்பில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, பையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகள் எல்லாம் இருந்தன. குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தைகள் வெளியூரில். இரண்டாம் நாள் பை கட்டிலில் இருக்க, அவர் எழுந்து நடந்துவிட்டார். குழாய் இழுபட்டுத் தையல் விட்டது. அன்று இரவு நான் பட்ட பயம் வேறு யாருக்கும் வேண்டாம் என்றுதான் இங்கே நிற்கிறேன்.

பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மார்பானாலும் வயிறானாலும், பை குழாய் நுழையும் இடத்தைவிடத் தாழ்வாகவே இருக்கவேண்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். நம் அகங்களில் மடிக்குக் குறைவில்லை. ஆனால் மடித்துணி கட்டிக்கொண்டால் மட்டும் கை சுத்தமாகிவிடாது. புண்ணில் மஞ்சளோ விபூதியோ வைக்கக்கூடாது. பூணூல் குழாயில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளம், ஆற்று ஸ்நானம் கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நீர் எடுப்பது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மார்பிலிருந்து ஒரே தடவையில் பொதுவாக 1 லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நடுவில் வலியோ விடாத இருமலோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும். அளவையும் நிறத்தையும் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் டாக்டருக்கு மிகவும் உபயோகம்.

ஜுரம், குழாயைச் சுற்றிச் சிவப்பு, சீழ், துர்நாற்றம், திடீரென்று மூச்சுத்திணறல், நீர் ரத்தமாக வருவது: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கவேண்டாம். பை கழன்றுவிட்டால் குழாயை உடம்புக்கு அருகில் மடித்து அழுத்திப் பிடியுங்கள். குழாயே வெளியே வந்துவிட்டால் சுத்தமான காஸை வைத்து அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். திரும்ப உள்ளே தள்ளவே கூடாது.

இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அகத்துக்கு வந்த பாலியேட்டிவ் நர்ஸ். மலையாளத்தில் 'சாந்த்வன பரிசரணம்' என்பார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த முயற்சி இது. அதில் முன்னின்ற டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் பாலியம் இந்தியாவைத் தொடங்கினார். அதன் தலைமையிடம் நம் திருவனந்தபுரம்தான். 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. உள்ளாட்சி மன்றங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் சேர்ந்து நர்ஸ்களை வீடுகளுக்கு அனுப்புகின்றன. நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. 'கடைசிக் கட்டத்துக்குத்தானே அது' என்று நானும் தயங்கினேன். அது தப்பு, குழாய் வைத்த அன்றே கேட்டிருக்கவேண்டும். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜுக்கு முன்பே, வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சபைக்கு ஒரு விண்ணப்பம். நோயாளியைப் பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவருகிறார்கள், சந்தோஷம். அதைவிட, 'மாமி, நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்று சொன்னால் அதுவே பெரிய உபகாரம்.

அவர் கடைசி ஒன்பது வாரமும் அகத்திலேயே இருந்தார். காலையில் பூஜை மணிச் சத்தம் கேட்டால் படுத்தபடியே கை கூப்புவார். ஆஸ்பத்திரியில் அது கிடைத்திருக்காது.