சோறு தின்ற கோழியும் தோல்முட்டையும்

(தோட்டக் கிளையின் மாதர் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சும் போனஸ் பேச்சும் முடிந்த மேடையில் கோழிப் பேச்சா என்று பின்வரிசையில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். மாதர் பகுதித் தலைவி அக்கா அவர்கள் இதைப் பேசும்படி கேட்டபோது நானும் சிரித்தவன்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே மண்டப வாசலில், நாலு பேர் கேட்க, ஒரு சிறுவன் மேல் நான் பழி சுமத்தினேன். அதை நாலு பேர் கேட்கவே நான் இறக்கி வைக்க வேண்டும்.

நடந்தது இதுதான். என் வீட்டில் பன்னிரண்டு கம்பத்துப் பெட்டைகள் இருந்தன. சாப்பாட்டுக் கடையில் மிஞ்சும் சோற்றை நாள்தோறும் ஒரு வாளி வாங்கி வந்து, விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் கொட்டிவிடுவேன். தோட்டத்திலேயே என் கோழிகளுக்குத்தான் வயிறாரச் சாப்பாடு என்று எனக்குப் பெருமை. இரண்டு மாதம் நன்றாக முட்டை கிடைத்தது. பிறகு ஐந்து நான்காகி, நான்கு இரண்டாகி, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. கூட்டில் வைக்கோல் மட்டும் ஈரமாக இருந்தது. மூசாங் வந்திருந்தால் இறகு கிடக்கும். பாம்பு வந்திருந்தால் கோழி கத்தியிருக்கும். பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் பள்ளி விட்டதும் என் கோழிக்கூட்டுப் பக்கம் வந்து நிற்பதை நான் பார்த்திருந்தேன். அவ்வளவுதான். கணக்குப் புத்தகம் எழுதுகிறவனுக்கு இரண்டையும் இரண்டையும் கூட்ட எவ்வளவு நேரம்? "உன் மகனைக் கண்டித்து வை" என்று அவன் தாயாரிடம் இந்த வாசலில் வைத்துச் சொன்னேன். அந்த அம்மாள் மரம் வெட்டுகிறவர். நான் பெயர் பதிவு செய்கிறவன். அவர் பதில் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரே என் வீட்டு வேலியோரம் வந்து, "கிராணி ஐயா, செருப்பைக் கழற்றிப் போட்டுட்டுச் சத்தமில்லாம வாங்க" என்று கூப்பிட்டார். போனேன். கூட்டில் ஒரு சிவப்புப் பெட்டை முக்கிக்கொண்டிருந்தது. எழுந்தது. கீழே விழுந்தது முட்டை அல்ல. ஓடில்லாத தோல்முட்டை, தண்ணீர் ஊற்றிய பலூனைப் போல. அது உருளுவதற்குள் இன்னொரு கோழி ஒரே கொத்து. மூன்றாவது கோழி தோலையும் விழுங்கியது. ஈரம் மட்டும் மிச்சம். "திருடன் யாருன்னு பாத்துக்கிட்டீங்களா, ஐயா?" என்று கேட்டார் அந்த அம்மாள். மகன் ஏன் அங்கே வந்து நின்றான் தெரியுமா? கோழி தன் முட்டையைத் தானே தின்பதை அவன் முன்பே பார்த்துவிட்டான். என்னிடம் சொல்ல வந்து, பயந்து நின்றிருக்கிறான்.

"அக்கா, என் கோழிக்கு நான் குறை வைக்கவில்லையே" என்றேன். "வயித்துக்குக் குறை இல்ல ஐயா, முட்டைக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதச்சத்து இருக்கிறது. ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வெந்த சோறு நூறு கிராம் எடுத்தால் அதில் எழுபது கிராம்வரை தண்ணீர். புரதம் மூன்று கிராம்கூட வராது. சுண்ணாம்புச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். விடியற்காலைப் பசியில் கோழி சோற்றைக் கழுத்துவரை நிரப்பிக்கொள்கிறது. இரைப்பை நிறைந்த கோழி காட்டில் கிளறுமா? நிழலில் படுத்துக்கொள்கிறது. புழுவும் செல்லும் பச்சையும் தேடித் தின்றிருக்க வேண்டிய காலை நேரம் வீணாகிறது. முட்டையிடும் கோழியோ ஓட்டுக்குச் சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. சில காலம் கொடுக்கும். பிறகு ஓடு மெலிகிறது, தோல்முட்டை விழுகிறது, கால் தள்ளாடுகிறது, கடைசியில் முட்டையே நிற்கிறது. முதல் இரண்டு மாதம் எனக்குக் கிடைத்த முட்டையெல்லாம் கோழியின் எலும்பைக் கரைத்து வந்த முட்டை என்பது பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

"அவிழ்த்துவிட்ட கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, அடை உட்கார்ந்து, குஞ்சோடு திரியும் கோழிக்கு அது போதும். அடிக்கடி முட்டை வேண்டும் என்று நாம் ஆசைப்படும்போது போதாது. ஆசை நம்முடையது, செலவையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்காகப் பண்ணைக் கோழியைப் போல ஆண்டுக்கு முந்நூறு முட்டை கம்பத்துக் கோழி இடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இனம் வேறு.

செலவு என்றதும் தீனி மூட்டை விலை நினைவுக்கு வரும். நம் நாட்டுக் கோழித்தீனிக்குரிய சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருகின்றன. 2022 இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது இங்கே கோழி கிடைக்காமல், ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதிக்கே தடை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். முட்டைக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையும் 2025 ஆகஸ்டு 1 இல் முற்றாக நின்றது. பிள்ளைக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுக்க நினைக்கும் தாய்க்கு இதெல்லாம் பத்திரிகைச் செய்தி மட்டும் அல்ல. ஆகவே தீனியைக் குறைவாக வாங்கி, சரியான நேரத்தில், சரியாகத் தின்ன வைப்பதுதான் நம் வேலை.

அந்த அம்மாள் செய்ததைப் பார்த்து நான் மாற்றிக்கொண்டது இவ்வளவே. காலையில் சோறு இல்லை. கடை மூட்டையில் வரும் முட்டைக்கோழித் தீனியில் புரதம் நூற்றுக்குப் பதினாறு பங்குபோல் இருக்கும். அதைக் கோழிக்கு ஒரு கைப்பிடி வீதம் எடுத்து, தண்ணீர் தெளித்து உதிர் உதிராகப் பிசைந்து, பசியோடு இறங்கும் கோழிக்கு முதல் தீனியாக வைக்கிறேன். பிசைவது எதற்கென்றால், கோழி நம் பிள்ளைகளைப் போலத்தான். கறியை எடுத்துக்கொண்டு காயை ஒதுக்குமே, அதுபோல் சோளக் குருணையைப் பொறுக்கிவிட்டு மாவைத் தள்ளிவிடும். சத்தெல்லாம் மாவில்தான் இருக்கிறது. ஈரத்தில் மாவு குருணையோடு ஒட்டிக்கொண்டால் பொறுக்க முடியாது. அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுதான் பிசைய வேண்டும். நம் வெயிலில் அதற்குமேல் புளித்துவிடும். பிறகு திறந்துவிட்டால் அரை வயிற்றோடு கிளறப் போகும். மிஞ்சிய சோறு இருந்தால் மாலையில் ஒரு பிடி, அவ்வளவுதான்.

மூட்டைத் தீனியோடு வீட்டுக் கழிவையும் சேர்க்கலாம். நெத்திலி ஆயும்போது தலையை வீசிவிடுகிறோம். அது நல்ல புரதம். ஆனால் உப்பு. உப்பு மிகுந்தால் கோழி செத்துப்போகும். இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து இடித்துச் சேருங்கள், அதுவும் கொஞ்சமாக. மீன் குடலானால் வேகவைத்துக் கொடுங்கள். பட்ட மரக்கட்டையைப் புரட்டிச் செல்லைக் காட்டினால் கோழி ஓடி வருவதைப் பார்க்க வேண்டுமே! முருங்கைக்கீரை, கங்கோங் எல்லாம் நல்லவை. மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாதீர்கள்; அதில் நஞ்சு உண்டு. ரப்பர் கொட்டையும் அப்படியே. சும்மா விழுந்து கிடக்கிறதே என்று உடைத்துப் பருப்பைப் பச்சையாகப் போட எனக்கும் யோசனை வந்தது. அந்தப் பருப்பில் இருப்பதும் மரவள்ளியில் இருக்கும் அதே சயனைடு வகை நஞ்சுதான்.

இனி ஓட்டு விஷயம். காசில்லாத மருந்து இது. கெராங் சிப்பியின் ஓடு. பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகிறது. அது ஏறக்குறைய முழுக்கச் சுண்ணாம்புக்கல். நன்றாகக் கழுவி, அடுப்பில் வாட்டி, அரிசி, பச்சைப்பயறு அளவுக்கு இடித்துக்கொள்ளுங்கள். மாவாக்க வேண்டாம். நொறுக்காக இருந்தால்தான் வயிற்றில் தங்கி இராமுழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முட்டைக்கு ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில்தான். ஆகையால் கோழி மாலையில்தான் இதைத் தேடும். தீனியில் கலக்காமல் தனித் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துவிட்டால், தினமும் முட்டையிடும் கோழி பத்துக் கிராம்வரை எடுத்துக்கொள்ளும், இடாத கோழி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இதை நான் பல மாலை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் வைத்துவிடாதீர்கள். அது வாயை வேகவைத்துவிடும். முட்டை ஓட்டைக் கொடுப்பதானால் வறுத்து, முட்டையென்று அடையாளம் தெரியாதபடி நொறுக்க வேண்டும். இல்லையென்றால் முட்டை தின்னும் கெட்ட பழக்கத்தை நாமே கற்றுக்கொடுத்ததாகும்.

குஞ்சும் தாயும் ஒன்றாகத் திரியும் வீடுகள் இங்கே அதிகம். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்பு மிகுதி; வளரும் குஞ்சு அதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். அப்படிப்பட்ட வீட்டில் எல்லாக் கோழிக்கும் வளர்கோழித் தீனியைப் போட்டு, சிப்பி ஓட்டை மட்டும் தனியே வையுங்கள். வேண்டிய கோழி போய் எடுத்துக்கொள்ளும். தண்ணீர்? சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். நேற்று லயத்தைச் சுற்றி வந்தபோது நாலு வீட்டில் சட்டி காய்ந்து கிடந்தது.

எனக்கு ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஓடு கெட்டிப்பட இரண்டு வாரம்போல் ஆயிற்று. முட்டை தின்னப் பழகிய கோழி ஒன்று திருந்தவே இல்லை, அதைக் கறியாக்கினோம். மற்றப் பதினொன்றில் இப்போது நாளுக்கு நாலும் ஐந்தும் கிடைக்கிறது, அடை உட்கார்ந்தவை போக. அந்த அம்மாளிடமும் தம்பியிடமும் வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டேன். "தப்பா நினைச்சது பெரிசில்ல ஐயா, நாலு பேர் முன்னாடி சொன்னீங்களே" என்றார். அதனால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். தம்பி, நீ மூன்றாவது வரிசையில் இருப்பது எனக்குத் தெரிகிறது. நீ என் முட்டையைத் தொடவில்லை. நான்தான் பொய்ப்பழி சொன்னேன்.

கடைசியாக அலுவலகச் செய்தி ஒன்று. பாராகுவாட் களைமருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. ஆனால் வேறு மருந்து அடிக்கத்தான் செய்கிறார்கள். மருந்து பட்ட புல்லில் கோழி மேயக் கூடாது. அடிக்கும் நாளையும் காட்டையும் முன்கூட்டியே பெரட்டுப் பலகையில் எழுதும்படி நிர்வாகத்திடம் கேட்டோம், சம்மதித்திருக்கிறார்கள். எழுதுகிற வேலை என்னுடையது. வரும் வியாழக்கிழமை ஆற்றோரக் காட்டில் அடிக்கிறார்கள். கீழ் லயத்தார் அன்றும் அடுத்த சில நாளும் கோழியை அடைத்து வையுங்கள். சிப்பி ஓடு இடிக்க உரல் இல்லாதவர்கள் என் வீட்டுப் பின்புறம் கிடக்கும் பழைய உரலை எடுத்துக்கொள்ளலாம். அதில் இனி மிளகாய் இடிக்க முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.