கெய்ரோவின் காகித அறை



கம்மாபுரத்துக்காரர்களான நமக்குச் சிதம்பரம் பக்கம்தான். தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் கிடந்ததும், நம்பியாண்டார் நம்பி சொல்லி இராசராச சோழன் அதைத் திறக்கச் செய்ததும், பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததும் நாம் கேட்டு வளர்ந்த கதை. அதேபோல் இன்னோர் அறை எகிப்தில் இருந்தது. அது யூதர்களுடையது.

கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் எரிக்க மாட்டார்கள், குப்பையிலும் போட மாட்டார்கள். தோலில் கையால் எழுதும் தோரா வேதச் சுருள் நைந்துபோனால் மண்ணில் அடக்கம் செய்வார்கள். அதுவரை ஜெப ஆலயத்தில் ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். அந்த அறைக்கு கெனிசா என்று பெயர். கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயத்தில் ஏணி வைத்து ஏறி, சுவரில் உயரத்தில் இருந்த துவாரம் வழியாகத்தான் போட வேண்டும். போட்டார்கள், போட்டுக்கொண்டே இருந்தார்கள். முழுவதையும் எடுத்துப் புதைக்க யாரும் வரவில்லை. ஈரமில்லாத ஊர். நூற்றாண்டுகள் கழிந்தும் மக்கவில்லை. 1896 டிசம்பரில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் அள்ளிச் சென்றதால் கேம்பிரிட்ஜில் இன்று 1,90,000-க்கு மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன.

வேதம் மட்டும் கிடைத்திருந்தால் நான் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். எபிரேய எழுத்தில் இருந்தால் போதும், கடைக் கணக்கையும் தூக்கிப்போட மனம் வரவில்லை அவர்களுக்கு. அப்படித் தங்கியவற்றில் ஆபிரகாம் பென் யிஜூ என்ற துனீசிய வணிகரின் தாள்களும் உண்டு. அவர் 1132 முதல் 1149 வரை மங்களூர்க் கரையில் பித்தளைப் பட்டறை வைத்திருந்தார். ஏடனிலிருந்து நண்பர்கள் உடைந்த செம்புப் பாத்திரங்களை அனுப்புவார்கள்; இவர் உருக்கிப் புதிதாகச் செய்து திருப்பி அனுப்புவார். அந்நாளில் இங்கே காகிதம் கிடைக்காது. அதையும் ஏடனிலிருந்துதான் வரவழைத்தார். வந்த கடிதத்தில் இடம் மிஞ்சினால் அதிலேயே தன் கணக்கை எழுதிக்கொண்டார். ஆஷு என்ற பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவித்த பத்திரமும் கிடைத்திருக்கிறது. அவளையே அவர் மணந்தார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மங்களூர்க் குடும்பத்தின் கதை கெய்ரோவின் சுவருக்குள் பிழைத்துக் கிடந்திருக்கிறது, பாருங்கள்!

நம் பக்கத்து யூதர்கள் கொச்சிக்காரர்கள். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேட்டில் பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காளம் என 72 உரிமைகள். வட்டெழுத்தில் உள்ள அந்த ஏட்டை மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில் போற்றி வைத்தார்கள். இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள்.

நாமும் எழுத்தை மதித்தவர்கள்தாம். நம் வழிதான் வேறு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாக, ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்குப் பதில் கிடைத்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனவையும் உண்டு. நைந்த ஏட்டை வைத்திருக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. யூதர்களுக்கோ அழிக்க மனம் ஒப்பவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு இருந்தால் தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். இறுக்கமாகக் கட்டினால் விளிம்பு முறியும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கும் அதே ஊரில் வேறோர் இடத்திலும் உள்ள சைவ ஏடுகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆடி பிறக்கும் முன்பே அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.