மதியிறுக்கம்: கண்டறிதலும் கைகொடுத்தலும்

(ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இரண்டரை வயதுப் பிள்ளையொன்று, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், அடுத்த அறையிலே பிஸ்கட் கடதாசி சரசரத்தால் ஓடி வந்துவிடுகின்றது. வேண்டிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டுவதில்லை. தாயின் கையைப் பிடித்து அலுமாரிக்கு இழுத்துச் செல்கின்றது. விளையாட்டுக் காரை ஓட்டுவதில்லை. கவிழ்த்து வைத்து அதன் சில்லைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கின்றது. தாய்க்கு மனத்திலே ஓர் ஐயம். வீட்டாரிடம் சொல்கின்றாள். "ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும், தகப்பனும் அப்படித்தான்" என்று விடை வருகின்றது. ஒரு வருடம் கழிகின்றது; பின்னும் ஒரு வருடம் கழிகின்றது. இவ்வாறு வீணே கழியும் வருடங்களைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

ஓட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் வழங்கும் இந்நிலை, மூளையின் வளர்ச்சியில் இளமையிலேயே அமையும் ஒரு வேறுபாடாகும். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். 1943 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிற் பணிபுரிந்த லியோ கானர் என்னும் வைத்தியர், பதினொரு பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கி இந்நிலையை விரித்தெழுதினார். அவர்களுள் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த டொனால்ட் ட்ரிப்லெட் என்பவர். அவருடைய வரலாறு நம் அனைவருக்கும் ஒரு பாடமாகும்.

டொனால்ட் 1933 இற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே நூறு வரை எண்ணுவார். ஆனால் தகப்பன் வீடு வந்தாலும் ஏறெடுத்துப் பாரார். 'நான்' என்று சொல்லவேண்டிய இடத்திலே 'நீ' என்பார். நான்கு வயதை அண்டியபோது, வைத்தியர் சொற்படி அவரை ஒரு விடுதியிலே சேர்த்தனர். ஏறக்குறைய ஒரு வருடத்தின் பின் பெற்றோர் மீட்டுக்கொண்டு வந்தனர். தகப்பனார் மகனைப் பற்றித் தாம் கண்டவற்றையெல்லாம் 33 பக்கக் கடிதமாக எழுதிக் கானருக்கு அனுப்பினார். வைத்திய உலகின் கண்ணைத் திறந்தவற்றுள் ஒரு தகப்பனின் கடிதமும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் டொனால்ட் சில காலம் ஒரு கமக்காரத் தம்பதியருடன் வாழ்ந்தார். அவர்கள் படித்த நிபுணர்கள் அல்லர். பிள்ளை எதனையும் அளந்துகொண்டே திரிவதைக் கண்டு, கிணறு வெட்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லும்படி ஏவினார்கள். சோள வரிசைகளை ஓயாது எண்ணுவதைக் கண்டு, உழுதுகொண்டே எண்ணும்படி விட்டார்கள். பிள்ளையின் நாட்டத்தைப் பிடுங்கி எறியாமல், அதனையே ஒரு பயனுள்ள வழியிலே திருப்பினார்கள். டொனால்ட் கல்லூரிப் பட்டம் பெற்றார், ஊர் வங்கியிலே நெடுங்காலம் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியே நாடுகள் பல சுற்றினார், 2023 இல், தமது 89 ஆவது வயதிற் காலமானார். மதியிறுக்கம் அவரைவிட்டு நீங்கவில்லை. அதனோடு வாழ ஊர் இடங்கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளும் அவர் போலாவர் என்று நாம் சொல்லவில்லை. வாழ்நாள் முழுதும் பேசாதோரும், பிறர் துணை வேண்டுவோரும் உளர். எனினும், அவரவர்க்கு இயன்ற எல்லை வரை செல்ல வழி திறத்தல் நம் கையிலேயே உள்ளது.

நிற்க. இந்நிலை எதனால் வருகின்றது? தாயின் அன்புக் குறைவே காரணம் என்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அறிஞர் சிலரும் எழுதினர். எத்தனை தாய்மாரின் நெஞ்சை அச்சொல் எரித்திருக்கும்! 1977 இல் வெளியான இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வு பரம்பரைக் கூறுகளின் பெரும்பங்கைக் காட்டியது. பின்வந்த ஆய்வுகளும் அதனை வலியுறுத்தின. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியே காரணம் என்ற ஐயத்தை 1998 இல் வெளியான ஒரு கட்டுரை கிளப்பியது. 2010 இல் அக்கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே அதனை மீளப்பெற்றது. டென்மார்க்கிலே 6,50,000 இற்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட முடிவும், தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதே. ஆகவே தாயைப் பழித்தலும் தவறு. ஊசியைத் தவிர்த்தலும் தவறு.

இது பிறநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டிலே 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவிலே இந்நிலையைக் கண்டது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய குறிகள் யாவை? ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைக்கத் திரும்பாமை. ஒன்றரை வயதாகியும் விரலாற் சுட்டிக் காட்டாமை. 16 மாதமாகியும் ஒரு சொல்லேனும் வராமை. இரண்டு வயதாகியும் இரு சொற்களைத் தானே இணைத்துச் சொல்லாமை. கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லல். சிறு மாற்றத்துக்கும் பெரிதாகக் கலங்கல். கோயில் மேளம் கேட்டதும் காதைப் பொத்தி அலறல் என்பன சில. ஒரு குறியை மட்டுங்கொண்டு எவரும் முடிவு கட்டலாகாது. ஆனால், பேசிய சொற்களைப் பிள்ளை இழக்குமாயின், எவ்வயதிலாயினும் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். பெண்பிள்ளைகளிற் பலர் மற்றவரைப் பார்த்துத் தாமும் அவ்வாறே நடந்துகொள்வதால், அவர்களிடத்து இந்நிலை மறைந்து கிடத்தலும் உண்டு.

கண்டறிவது எங்ஙனம்? முதலிலே செவிப்புலனைச் சோதிக்க வேண்டும். காது கேளாமையும் இவ்வாறு தோன்றக்கூடும். இரத்தச் சோதனையோ மூளைப் படமோ மதியிறுக்கத்தைக் காட்டித் தராது. பெற்றோர் சொல்லும் வரலாற்றைக் கேட்டும், பிள்ளை விளையாடும் விதத்தைப் பார்த்துமே நிபுணர் முடிவு செய்வர். ஆதலின், கண்டவற்றைத் திகதியுடன் குறித்து வைத்துக் கொண்டுசெல்லல் பெரிதும் உதவும். முடிவு தெரியும்வரை வாளாவிருக்கவும் வேண்டியதில்லை. ஐயம் எழுந்த நாளே பயிற்சியைத் தொடங்கலாம்.

நூல் கட்டியும் நாவூறு கழித்தும் ஆறுதல் தேடும் பெற்றோரை நாம் நகைக்கமாட்டோம். ஆயினும், அவற்றுக்காக வைத்தியரிடம் செல்லும் நாளைத் தள்ளிவைத்தல் ஆகாது. மதியிறுக்கத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. 'முற்றாக மாற்றுவோம்' என்று பணம் பறிப்போரிடத்து எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். உடலினின்றும் உலோகத்தை அகற்றுவதாகச் சொல்லிக் கொடுக்கும் மருந்துகள் உயிருக்கே ஆபத்தானவை. வலிப்பு, நித்திரையின்மை போன்றவை உடனிருந்தால் அவற்றுக்கு மருத்துவம் உண்டு.

பயனுள்ளது பயிற்சியே. பிள்ளையோடு தரையிலே அமர்ந்து, அது நாடும் பொருளையே நாமும் நாடி விளையாட வேண்டும். சிறு வாக்கியங்களாற் பேச வேண்டும். அன்றாட வேலைகளைப் படங்களாக வரைந்து ஒழுங்காகக் காட்ட வேண்டும். படம் காட்டினாற் பேச்சு வராது என்ற அச்சம் வேண்டாம். அது பேச்சைத் தடுப்பதில்லை. பேச்சுச் சிகிச்சையாளர் வழிகாட்டுவார். நாள்தோறும் செய்ய வேண்டியோர் வீட்டாரே. ஆசிரியர்மாரும் வகுப்பிலே இரைச்சல் குறைந்த ஓரிடத்தை அப்பிள்ளைக்கு ஒதுக்கலாம்.

இனி, வளர்ந்தோரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூலிலே இந்நிலை தனியொரு பிரிவாக இடம்பெற்றதே 1980 இலேதான். அதற்கு முன் பிள்ளைகளாயிருந்தோருட் பலர் 'விசித்திரமானவர்', 'அகம்பாவம் பிடித்தவர்' என்ற பெயரோடே வாழ்ந்திருப்பர். வேலையிலே திறமை இருக்கும். கூட்டத்திலே கலக்க இயலாது. இதனாற் பதகளிப்பும் மனச்சோர்வும் அடைவர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பர். வளைக்க வேண்டியது அவரை அன்று, நம் எதிர்பார்ப்பையே. ஐம்பதிலும் தம் இயல்பின் பெயரை அறிந்தவர்க்கு, 'இது என் குற்றமன்று' என்ற ஆறுதலேனும் கிடைக்கும். அவர்க்குச் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுதலும், முன்னறிவித்தலும், ஓய்வுக்கு இடமளித்தலும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல.

வாலிப நண்பர்களே, உங்கள் தெருவிலே விழாக்களுக்கு வராத ஒரு வீடு இருக்கலாம். பிள்ளையை ஊரார் பார்த்துவிடுவர் என்று அஞ்சிக் கதவைச் சாத்தியிருக்கும் ஒரு தாய் அங்கே இருக்கலாம். அறிவுரை கூறவன்று, உறவு கொண்டாட அங்கே செல்லுங்கள். வைத்தியசாலைக்குத் துணை வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு இவ்விழாவுக்கு அந்தத் தாயும் பிள்ளையும் வந்து, மேளச் சத்தம் எட்டாத ஒரு மூலையிலே நாம் போட்டுவைத்த இரு கதிரைகளில் அமர்ந்திருப்பார்களாயின், இன்று நாம் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.